தோல் யாருடையது

(போத்தனூரில் மாணவர்களும் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. கவிதை இருக்கட்டும், இன்னைக்குத் தோலைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன்.

நான் வங்கியில் கிளார்க். தனிநபர் கடன் விண்ணப்பத்தில் 'எதற்காக' என்று ஒரு கட்டம் இருக்கும். முன்பெல்லாம் கல்யாணம், வீட்டுக்குக் கூரை மாற்றுவது, ஆஸ்பத்திரி என்று எழுதுவார்கள். இப்போது 'மருத்துவச் செலவு' என்று எழுதி, கூடவே ஒரு தோல் கிளினிக்கின் மதிப்பீட்டுத் தாளையும் பின் பண்ணி வைக்கிறார்கள். லேசர் ஆறு தடவை, முகத்துக்கு ஊசி இரண்டு தடவை. யார், எவ்வளவு என்று சொல்வது வங்கி ஊழியனுக்கு ஆகாது, சொல்லமாட்டேன். பணக்காரர்கள் மட்டும் வருவதில்லை என்பதை மட்டும் சொல்லலாம். நம்ம பிள்ளைகளும் வருகிறார்கள். பெண் பார்க்க வரும் முன்பு, நேர்காணலுக்குப் போகும் முன்பு.

அதனால் அந்த எந்திரம் என்ன செய்கிறது என்று படித்துப் பார்த்தேன்.

1960இல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை எரியவிட்டார், மாணிக்கக் கல்லை வைத்து. 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். தோலுக்குள் எதை அழிக்க வேண்டுமோ, அது மட்டும் உறிஞ்சுகிற ஒளியைத் தேர்ந்தெடு; சூடு பக்கத்துக்குப் பரவும் முன் ஒளியை நிறுத்து. மச்சம், முடி, தழும்பு, சுருக்கம், எல்லாச் சிகிச்சையும் இதைச் சுற்றித்தான். சுருக்கத்துக்குச் சுடுகிற கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலில் இருக்கிற தண்ணீரைத் தேடிப் போகும். மேல்தோலைச் சுட்டுத் தள்ளும். புண் ஆறும்போது உள்ளே கொலாஜன் என்கிற புரதம் புதிதாய் ஊறும், தோல் இறுகும். சுருக்கமாச் சொன்னா, கணக்குப் போட்டுச் சுடுற சூடு.

சிக்கல் கறுப்பில் வருகிறது. நம் தோலில் இருக்கிற மெலனின் ஒளியைக் குடிக்கும். முடியின் வேரைத் தேடிப் போகிற ஒளியை மேல்தோலிலேயே மறித்துக் குடித்துவிட்டால், வெந்துபோவது மேல்தோல். புண் ஆறிய இடம் மாதக்கணக்கில் இன்னும் கறுப்பாக நிற்கும். அலைநீளம் கூடக் கூட மெலனின் குடிப்பது குறையும். அதனால் முடி எடுக்கக் கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர் பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் கடையில் எந்த எந்திரம் இருக்கிறதோ அதைக் கொண்டுதானே சுடுவான்?

அந்த எந்திரத்துக்கு முன் தோலை வகை பிரிக்க ஓர் அளவுகோல் உண்டு. 1975இல் பிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் செய்தது. வெயிலில் எவ்வளவு சிவக்கும், எவ்வளவு கறுக்கும் என்று வெள்ளைத் தோலைத்தான் முதலில் வகை பிரித்தார். பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும் பிறகு சேர்ந்தன. ஊருக்கு வெளியே சேரி மாதிரி, அளவுகோலிலும் கடைசியில்தான் நமக்கு இடம்.

இன்னொன்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுருக்கத்தை நிரப்ப முகத்துக்குள் செலுத்துகிற ஊசி மருந்தில், அமெரிக்க அரசு 1981இல் முதன்முதலாக அனுமதித்தது 'சைடெர்ம்'. எதில் செய்தார்கள் தெரியுமா? மாட்டுத்தோலில். நோய் அண்டாமல் தனியே வளர்த்த மாட்டு மந்தையின் தோலை எடுத்து, கொலாஜனைச் சுத்தம் பண்ணி, சீமாட்டிகளின் முகத்தில் ஏற்றினார்கள். சிலருக்கு ஒவ்வாது என்பதால் முதலில் கையில் குத்திப் பார்ப்பார்கள். சில மாதங்களில் உடம்பு அதைக் கரைத்துவிடும், மறுபடி குத்த வேண்டும். பிற்பாடு ஹயலுரானிக் அமிலம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாட்டுக் கொலாஜன் இன்றைக்கும் தூளாக, டப்பாவில், 'இளமை' என்று விற்கிறது.

என் தாத்தா செத்த மாட்டை உரித்தவர். கவலை ஏற்றத்துக்குத் தோல் பை தைத்துக் கொடுத்தவர். பைகாரா மின்சாரம் 1930களில் கோவைப் பக்கம் வந்து, கிணறு கிணறாக பம்பு செட் ஏறும்வரை, கொங்கு நாட்டுத் தோட்டங்கள் மாதாரி தைத்த தோலுக்குள் புகுந்து வந்த தண்ணீரைக் குடித்தன. தோல் தொட்ட தண்ணீர் கரும்புக்கு ஆகும், மஞ்சளுக்கு ஆகும். தோலைத் தைத்தவன் கிணற்றைத் தொட்டால் தீட்டு. "ஏனுங் சாமி"ன்னு எட்டி நின்னு கூப்பிட்டவங்க நாங்க. அதே மாட்டுத்தோல் கண்ணாடிக் குப்பியில் வந்தால், முகத்துக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறார்கள். தீட்டு தோலில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சோதனைச்சாலை வேண்டுமா?

'இளமையான தோல்' என்கிறார்கள். தோலை முதலில் கிழமாக்குவது வெயில். அதற்கு எதிராக இயற்கை கொடுத்த குடைதான் மெலனின். கறுத்த தோலில் சுருக்கம் பொதுவாகத் தாமதமாக விழும். இதை எந்தக் கிளினிக்கும் பலகையில் எழுதி மாட்டாது. எங்கம்மா துப்புரவுப் பணியாளர். முகத்தைப் பார்த்தால் ஐம்பது என்பீர்கள், கையைப் பார்த்தால் எழுபது. பிளீச்சிங் பவுடரும் சாக்கடைத் தண்ணியும் கையுறை இல்லாத வருஷங்களும் சேர்ந்து செய்த வேலை அது. அந்தக் கைக்கு லேசர் எதுக்குங்க? கையுறை போதும்.

காசு இல்லாத வீட்டுக்குக் கிளினிக் வராது, டியூப் வரும். 1975இல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்டு லவ்லி'யைக் கொண்டுவந்தது. 45 வருஷம் கழித்து, 2020இல், கறுப்பின மக்களின் போராட்டம் உலகமெல்லாம் எழுந்த பிறகுதான் 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆனது. பெயர் போச்சு, ஆசை போகலை. அதைவிட மோசம், பெயரே தெரியாத கம்பெனி க்ரீம்கள். சிலதில் பாதரசம். தோல் மெலனின் தயாரிப்பதை அது தடுக்கும், வெளுக்கும், அப்புறம் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தில் உட்காரும். பக்கத்தில், பாலக்காட்டைத் தாண்டினால் வருகிற மலப்புரத்தில், 2021க்கும் 2023க்கும் இடையே இப்படிச் சிறுநீரில் புரதம் ஒழுகி வந்தவர்களைக் கோட்டக்கல் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே வகைச் சிறுநீரக நோய் கண்ட 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். மினமாட்டா உடன்படிக்கை க்ரீமில் பாதரசத்துக்குத் தடை போட்டிருக்கிறது. ஆனால் டியூப் கடைத்தெருவில்தான் கிடக்கிறது.

கூட்டம் முடியும்போது ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாங்க: "அண்ணா, எனக்கு முகத்துல பருத் தழும்பு. லேசர் வெச்சுக்கணும்னு இருக்கேன். அது துரோகமா?"

இல்லைங்க அம்மிணி. தழும்பு வலிச்சா மருந்து தேடுறது உங்க உரிமை. உங்க முகம், உங்க காசு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கு, முதல்ல அங்க காட்டுங்க. கிளினிக்குக்குப் போனீங்கன்னா மூணு கேள்வி கேளுங்க. சுடப்போறவர் தோல் டாக்டரா, பயிற்சி எடுத்த வேற ஆளா? அந்த எந்திரத்தோட அலைநீளம் என்ன? என்னை மாதிரிக் கறுப்புத் தோலில் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? பதில் சொல்லத் தயங்கினா எழுந்து வந்திடுங்க. சொன்னாங்கன்னா, காது ஓரத்துல ஒரு சின்ன இடத்துல சுட்டுப் பார்த்துட்டு, ஒரு மாசம் பொறுத்து வாங்கன்னு சொல்றாங்களான்னு பாருங்க. கடன் வாங்குறது அதுக்கப்புறம்.