அருண் ஜேட்லி: கோர்ட்டிலிருந்து மைக்குக்கு

டி.வி.யில் கட்சிகளுக்காகப் பேசுகிறவர்களில் வக்கீல்களே ஏன் அதிகம் என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அருண் ஜேட்லியை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

1952-ல் பிறந்தவர். பி.காம்., பிறகு சட்டம். 1974-ல் டில்லி பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர். எமர்ஜென்சியில் 19 மாதம் சிறை. 1989-ல் அடிஷனல் சொலிசிட்டர் ஜெனரல். 1999-ல் பி.ஜே.பி.யின் செய்தித் தொடர்பாளர்; அதே வருஷமே மந்திரி.

வக்கீலுக்குப் பணம் கொடுப்பவரையும் தமிழில் ‘கட்சிக்காரர்’ என்றுதானே சொல்கிறோம்! ஆகவே இரண்டு தொழிலும் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால், 2009-ல் ராஜ்யசபா எதிர்க்கட்சித் தலைவரானதும் நல்ல வருமானமுள்ள பிராக்டீஸை விட்டார். 2011 ஆகஸ்டில் நீதிபதி சௌமித்ர சென் மீதான பதவி நீக்கத் தீர்மானத்தில் அவர் பேசியது, பணம் எந்தக் கணக்கிலிருந்து எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாகக் காட்டிய பேச்சு. தீர்மானம் நிறைவேறியது, லோக்சபாவுக்கு வருமுன் சென் ராஜினாமா செய்தார்.

எனக்கு உறுத்துவது வேறு. 2016-ல் செல்லாததாக்கிய நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பிவிட்டதாக 2018-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. பணத்தைப் பறிமுதல் செய்வது நோக்கமே அல்ல என்று நிதி மந்திரியான அவர் எழுதினார். பரிசோதனை முடிந்தபின் அனுமானத்தை மாற்றினால் எங்கள் பிசிக்ஸ் புரொபசர் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிவார். வக்கீலுக்கு அது சகஜம்.

2019 ஆகஸ்ட் 24-ல் காலமானார். அந்த 2011 பேச்சு ராஜ்யசபா நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. நம்மாத்தில் சட்டம் படிக்கிற குழந்தைகளிடம் சொல்லுங்கள்.