ஜருகண்டி சொல்ல ஆளில்லை



திருமலைக்குப் போய்வந்த தமிழர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு தெலுங்குச் சொல்லாவது தெரிந்திருக்கும். ஜருகண்டி. மணிக்கணக்கில் க்யூ காம்ப்ளெக்ஸில் உட்கார்ந்து, அடைப்பு அடைப்பாக நகர்ந்து, தங்க வாசலுக்கு எதிரே வந்து, கண்ணைத் தூக்கி ஒரு தரம் பார்ப்பதற்குள் அது காதில் விழுந்துவிடும். இரண்டாவது தரம் விழும்போது தோளில் ஒரு கையும் விழும். எங்கள் வீட்டுக்காரர் தெலுங்குக்காரர். "நகருங்கள் என்று மரியாதையாகத்தானே சொல்கிறார்கள், உங்களுக்கு மட்டும் அது ஏன் திட்டின மாதிரி கேட்கிறது?" என்பார். அவர் சொல்வது சரிதான். அந்தச் சொல்லின் வாலில் ஒரு 'ங்கள்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தள்ளுகிற கையில்தான் அதைக் காணோம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் திருப்பதியில் குடியிருக்கிறேன். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், அதற்குப் பிறகு திருப்பதி மாவட்டம். வீடு மாறவில்லை, விலாசத்தில் ஒரு வரிதான் மாறியது. எங்கள் தெருவிலிருந்து நடந்தால் கால்மணி நேரத்தில், மலைப் படிப்பாதை தொடங்கும் அலிபிரி. மொட்டை மாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரியும். இராத்திரியில் படிப்பாதை விளக்குகள் வரிசையாக மேலே ஏறிப் போவது தெரியும்.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் செல்போன் தானாகவே ஒரு கணக்குக் காட்டியது. கழிந்த வாரத்தில் நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நாற்பது நிமிஷம் அதைப் பார்த்திருக்கிறேனாம். அலிபிரியிலிருந்து மேலே 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாலும் எனக்கு நாலு மணி நேரம் போதும். அப்படியானால் தினமும் மலையேறி, பாதிக்கு மேல் இறங்கியும் வந்திருக்கலாம். நான் கட்டிலை விட்டே இறங்கவில்லை.

எனக்கு இது புது வியாதி இல்லை. நான் பிறந்தது நகரி. 1987 ஜனவரி 25ஆம் தேதி தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியபோது எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டி.வி. ஒரு வீட்டில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம். வசனம் இந்தி, எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. வடக்கே ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன தாத்தா ஒருவர் நடுநடுவே தமிழில் சொல்வார். ராமர் இரண்டு வார்த்தை பேசினால் தாத்தா பத்து வார்த்தை பேசுவார். மிச்சம் எட்டும் அவருடைய சொந்தச் சரக்கு என்று தெரிந்தும் யாரும் தடுத்ததில்லை. டி.வி. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அதைச் சொல்லி இப்போது சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன், பூ கட்டிக் கொடுத்தவள் நான்தான்.

எழுபத்தெட்டு பகுதியாக வாராவாரம் ஓடியது அந்தத் தொடர். கும்பகர்ணன் எழுந்திருப்பானா மாட்டானா என்று ஒரு வாரம் முழுக்கக் குழாயடியில் பேசினோம். கதை எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பேசினோம்.

கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகு 1999 கடைசியில் சன் டி.வி.யில் 'சித்தி' ஆரம்பமானது. ராதிகா நடித்த அதே தொடரைத் தெலுங்கில் குரல் மாற்றி 'பின்னி' என்று ஜெமினி டி.வி.யில் போட்டார்கள். தெலுங்கில் சித்தியைப் பின்னி என்பார்கள். பெயருக்கு ஏற்றபடி சித்தி முன்னால் ஓடினாள், பின்னி பின்னால் வந்தாள். எங்கள் வீட்டில் நான் சித்தி, என் மாமியார் பின்னி.

இதில் எனக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். மாமியாருக்கு நாளைக்கு நடக்கப்போவது எனக்கு முன்கூட்டியே தெரியும்! புது மருமகளுக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் எந்த வீட்டில் கிடைக்கும்? காலையில் காய் நறுக்கும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்காருவார். "தருவாத ஏமவுதுந்தே?" அதாவது, அப்புறம் என்னடி ஆகும். நான் உடனே சொல்லிவிட மாட்டேன். "மீரே சூடண்டி அத்தம்மா, நீங்களே பாருங்கள்" என்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பத்து நிமிஷத்தில் ஒரு டம்ளர் காப்பியோடு திரும்பி வருவார். அந்த வீட்டில் என் தெலுங்கு தேறியதும், அவர் தமிழ் தேறியதும் அப்படித்தான். பேச வேறு விஷயம் எங்களுக்கு அப்போது கிடையாது.

இப்போது நினைத்தால், அந்தத் தொடரில் நான் பார்த்த காட்சி ஒன்றுகூட முழுசாக ஞாபகம் வரவில்லை. அடுப்படியில் பேசியது அத்தனையும் ஞாபகம் இருக்கிறது. அரை மணி நேரம் பார்ப்போம், 'தொடரும்' என்று போடுவான், மிச்சம் இருபத்து மூன்றரை மணி நேரம் எங்களுடையது. ரசிகை என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு நான் எதிலாவது ஊறியிருக்கிறேன் என்றால் அந்த இருபத்து மூன்றரை மணி நேரத்தில்தான். தொடரும் என்பதும் ஒரு ஜருகண்டிதான். போம்மா, நாளைக்கு வா.

பிறகு 'தொடரும்' என்கிற அந்தச் சொல் தேய ஆரம்பித்தது. 2017இல் தமிழில் கமல்ஹாசனும் தெலுங்கில் ஜூனியர் என்.டி.ஆரும் பிக் பாஸ் நடத்த வந்தார்கள். சென்னையில் என் அக்கா மகள், தமிழ்ப் போட்டியாளர் ஓவியாவுக்காகக் கிளம்பிய 'ஓவியா ஆர்மி'யில் சேர்ந்துவிட்டாள். சம்பளம், ரேஷன் எதுவும் இல்லாத பட்டாளம். ஆகஸ்டில் ஓவியா வெளியே வந்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் போனில் புத்தி சொன்னேன். மறுவருஷம் நானி நடத்திய தெலுங்கு இரண்டாவது சீசனில் போட்டியாளர் கௌஷலுக்காக 'கௌஷல் ஆர்மி' கிளம்பியது. ஹைதராபாதில் அவருக்காக ரசிகர்கள் தெருவில் இறங்கி நடைபோட்டார்கள். புத்தி சொன்ன சித்தி என்ன செய்தாள்? தினமும் இராத்திரி மொட்டை மாடிக்குப் போய், கூகுளில் ஓட்டுப் போட்டுவிட்டு, மிஸ்டு காலும் கொடுத்துவிட்டு வந்தாள். துணி எடுக்கப் போவதாகச் சொல்வேன். இராத்திரி பதினொரு மணிக்கு எந்தத் துணி?

2018 செப்டம்பர் 30ஆம் தேதி கௌஷல் ஜெயித்தார். மறுநாள் காலையில் அவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் யாருக்காகச் சண்டை போட்டேனோ அவருக்கு என்னைத் தெரியாது, நான் சண்டை போட்டவர்களையும் எனக்குத் தெரியாது.

கொரோனா வந்தது. 2020 மார்ச் 20 முதல் மலைக்கோயிலில் பக்தர்களை நிறுத்தினார்கள். அலிபிரியில் ஈ காக்கை இல்லை. ஜூன் வரை அப்படித்தான். அந்த வருஷம் செப்டம்பர் பிரம்மோற்சவம் வீதி உலா இல்லாமல் கோயிலுக்குள்ளேயே ஏகாந்தமாக நடந்தது. மலையடியில் இருக்கிற நாங்களும் அமெரிக்காவில் இருக்கிறவர்களும் ஒரே மாதிரி எஸ்.வி.பி.சி.யில் கருட சேவை பார்த்தோம். தேவஸ்தானம் 2008இல் தொடங்கிய சேனல் அது. மாமியார் டி.வி.க்கு முன்னால் கற்பூரம் காட்டினார். நகரியில் பூ கட்டிய நான் பக்கத்தில் நின்று மணி ஆட்டினேன். அதை நான் குறை சொல்லமாட்டேன், அன்றைக்கு அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அவருக்கு வேறு கதி இல்லை.

குறை சொல்ல வேண்டியது இன்னொன்றை. அதே ஊரடங்கில் பழைய ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். நாளைக்கு வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. செல்போனில் முழுத் தொடரும் கிடைத்தது. ஒன்று முடிந்தால் ஐந்து எண்ணுவதற்குள் அடுத்தது தானே ஓடும். வாராவாரம் பார்த்த எழுபத்தெட்டு பகுதியைப் பதிமூன்று நாளில் முடித்தேன். கும்பகர்ணன் எழுந்ததும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. போனைக் கீழே வைக்கும்போது மணி மூன்று. மேலே சுப்ரபாதம் தொடங்குகிற நேரம். பெருமாள் எழுந்திருக்கிறார், நான் படுக்கப் போகிறேன்.

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்தத் துயரத்தைப் பற்றி நான் பேச ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெரு செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு போனிலும் சிறுத்தை. எந்தக் காட்டில் எப்போது எடுத்ததோ, எல்லாம் 'நம்ம அலிபிரி' என்று வந்தது. நாங்களும் பார்த்தோம், நாலு பேருக்கு அனுப்பினோம். கொல்லைக் கதவை மாமியார் பத்து நாள் திறக்கவில்லை. தேவஸ்தானம் நடந்து ஏறுகிறவர்களுக்குக் கைத்தடி கொடுத்தது, அதையும் கேலிப்படமாக்கிச் சிரித்தோம். கால்மணி நேரத் தூரத்தில் நடந்ததை நேரில் போய் விசாரித்தவர் எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். ஐந்து மணி நாற்பது நிமிஷத்தைப் பார்த்த அந்த வாரமே ஒரு நாள் விடியற்காலை அலிபிரிக்குப் போனேன். அங்கே பாதால மண்டபம் இருக்கிறது. சுவாமியின் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராமானுஜர் தம் தாய்மாமன் திருமலை நம்பியிடம் ஒரு வருஷம் ராமாயணம் கேட்டது இந்த அடிவாரத்தில்தான் என்று வைணவ பரம்பரை சொல்கிறது. நம்பி தினமும் மலையிலிருந்து இறங்கி வந்து புளியமரத்தடியில் சொல்வார். கதையில் ஆழ்ந்து போனதால் மேலே உச்சிக்கால சேவை தவறுகிறதே என்று வருந்தினாராம். பெருமாள் தம் பாதங்களை அந்த மரத்தடியிலேயே காட்டிக்கொடுத்தாராம். அடிப்புளி என்பதுதான் அலிபிரி ஆயிற்று என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நாலு பேர் சொன்னதை நானும் சொல்கிறேன். எனக்கு அதில் பிடித்தது அந்த மலைதான். ஒரு நாள் பாடத்துக்கும் மறுநாள் பாடத்துக்கும் நடுவில் ஒருவர் மலையேறி இறங்க வேண்டியிருந்தது.

நடந்து ஏறுகிறவர்களின் பைகளை அலிபிரியில் வாங்கி ரசீது கொடுத்து மேலே அனுப்பிவைக்கும் கவுன்ட்டர் உண்டு. என் பையை அங்கே கொடுத்தேன், உள்ளே போன். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் மறந்துபோய்ச் செய்தது. ஐம்பதாவது படியில்தான் ஞாபகம் வந்தது, திரும்பிப் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

வழியிலுள்ள காலி கோபுரம் வரை கை தானாகவே இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் படிக்குப் படி குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனாள். அவளுக்கு முன்னால் ஒரு பையன் படிக்குப் படி போனைத் தூக்கிப் பேசிக்கொண்டே போனான். பாதை இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தது. மான் பூங்கா தாண்டி, முழங்கால் முறிச்சான் என்கிற ஏற்றத்தின் அடியில் நான் உட்கார்ந்தபோது அந்த அம்மாளும் உட்கார்ந்தாள். செங்கம் பக்கம் ஊர். மூன்றாவது தடவை வருகிறாளாம். எந்தத் தொடர் பார்க்கிறாள் என்று கேட்டேன், வேறு என்ன கேட்பேன் நான்? 'மெட்டி ஒலி'யை மூன்று தரம் பார்த்தாளாம். அதில் வருகிற ஐந்து பெண்களில் எவளுக்கு மாமியார் கொடுமை அதிகம் என்று பேசிக்கொண்டே கடைசிப் படிகளை ஏறினோம். கால் வலி தெரியவில்லை.

இதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாதா மாதம் 24ஆம் தேதி காலை பத்து மணிக்கு முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட்டை இணையத்தில் விடுகிறார்கள். திருப்பதியிலேயே இருக்கிறவள்தானே என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம்தான் ஆதார் நம்பர் அனுப்புகிறார்கள். ஒன்பதே முக்காலுக்கே இரண்டு போனோடு உட்காருகிறேன். டிக்கெட் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் பதினொன்றரை வரை அங்கேயே இருக்கிறேன். போன் காட்டும் வாரக் கணக்கு இப்போது நாள் ஒன்றுக்கு மூன்று மணி ஐம்பது நிமிஷம். இராத்திரி ஒன்பதரைக்கு எண்பத்திரண்டு வயது மாமியார் அறை வாசலில் நின்று, "ஜருகு, ஜருகு" என்கிறார். வீட்டு மனுஷிதானே என்று 'ங்கள்'ளை எடுத்துவிட்டார்.

அலிபிரி வழியாக ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவதானால் எத்தனை மணி வரை விடுகிறார்கள் என்று கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள். போனைப் பையில் போட்டு, பையைக் கவுன்ட்டரில் கொடுத்துவிடுங்கள். ரசீதை மட்டும் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், மேலே அது இல்லாமல் பையை வாங்குவது கஷ்டம்.