தலையைத் திறக்காமல் ஒரு தலை ஆபரேஷன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பெண்கள் உடல்நலம் என்று தலைப்பு கொடுத்தாங்க. ரத்தசோகையைப் பத்தி எனக்கு முன்னாடி பேசின அக்கா நல்லா சொல்லிட்டாங்க. நான் தலைவலியைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. தலைவலி நம்ம எல்லாருக்கும் வரும், தைலம் தடவினா போயிடும். நான் சொல்றது வேற தலைவலி. மண்டையில சம்மட்டியால அடிச்ச மாதிரி, ஒரே நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போயிடும். "என் ஆயுசுக்கும் இப்படி ஒரு வலி பார்த்ததில்லை" என்று வந்தவங்களே சொல்லுவாங்க. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம கண் கூசுறது, சிலருக்கு ஒரு பக்கத்து இமை தொங்கிப் போறது, மயக்கம், வலிப்பு.

இது எதனால வருது? சைக்கிள் டியூப் பழசானா ஒரு இடத்துல மட்டும் புடைச்சு நிற்குமே, அந்த மாதிரி மூளைக்குப் போற ரத்தக் குழாயில ஒரு இடம் மெலிஞ்சு பலூன் போல வீங்கும். அதுக்குப் பேர் அனூரிசம். பெரியவங்க 100 பேரை எடுத்தா ஏறக்குறைய 3 பேர் தலையில இது இருக்குமாம். நிறையப் பேருக்குக் கடைசி வரைக்கும் வெடிக்காது, இருக்கிறதே தெரியாது. வெடிச்சாதான் ஆபத்து. ஆம்பளைகளை விட நமக்குத்தான் இது அதிகமா வருது. ரத்தக்கொதிப்பு இருந்தா, பீடி சிகரெட் பழக்கம் இருந்தா இன்னும் அதிகம்.

என் ஓரகத்திக்கு வெடிச்சது. எங்க வீட்டுக்கு மூத்த மருமகள், 46 வயசு, எங்க குழுவில பத்து வருஷமா உறுப்பினர். மாவு ஆட்டிக்கிட்டு இருந்தவங்க "ஐயோ தலை"ன்னு சுவத்துல சாஞ்சுட்டாங்க. அக்கம்பக்கத்துல பித்தம்னாங்க, வெயில்னாங்க, இஞ்சிக் கசாயம் வந்துச்சு. பக்கத்து ஊர்ல ஒரு கிளினிக்ல ஊசி போட்டு, தூங்கினா சரியாயிடும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிரஷர் கூட பார்க்கலை. சாயந்திரம் வாந்தி நிற்கலை, பேச்சு குழறுச்சு. அப்போ எதேச்சையா வந்த கிராம சுகாதார செவிலியர் கழுத்தைக் குனிய வைச்சுப் பார்த்தாங்க. மோவாய் நெஞ்சுக்கு வரலை. "இனி ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது, 108க்குப் போன் போடுங்க. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றாங்க. அந்தம்மாவுக்கு எங்க குடும்பம் கடன்பட்டிருக்கு.

ஸ்கேன்ல மூளையைச் சுத்தி ரத்தம் தெரிஞ்சுது. அங்கிருந்து பெரிய அரசு ஆஸ்பத்திரி. அங்கே கையில மருந்து ஏத்தி இன்னொரு ஸ்கேன் எடுத்து, வீக்கம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஒரு தடவை வெடிச்ச இடம் மறுபடி வெடிக்கலாம், முதல் 24 மணி நேரம்தான் ரொம்ப பயம், அதனால சீக்கிரம் அடைக்கணும் என்று டாக்டர் சொன்னார்.

இங்கேதான் எங்க வீட்ல பெரிய சண்டை. மாமனார் "தலையைத் திறந்தா பிழைக்க மாட்டா. போற உயிர் வீட்ல போகட்டும், கூட்டிட்டுப் போயிடலாம்" என்று உட்கார்ந்துட்டார். அக்கா வீட்டுக்காரர் கையெழுத்துப் போட பேனாவை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. மண்டை ஓட்டைத் திறக்கிறது என்றால் யாருக்குத்தான் கை நடுங்காது?

டாக்டர் ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார். இதை அடைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மண்டை ஓட்டைத் திறந்து, வீக்கத்தோட கழுத்துல சின்ன கிளிப் மாட்டுறது. இன்னொண்ணு, தலையைத் தொடவே வேண்டாம். தொடை இடுக்குல இருக்கிற பெரிய ரத்தக் குழாயில ஊசி போட்டு, அது வழியா மெல்லிசான குழாயை விடுவாங்க. சிலருக்கு மணிக்கட்டு வழியாவும் விடுவாங்க. அது வயிறு, நெஞ்சு, கழுத்து எல்லாம் தாண்டி மூளைக்குப் போகும். எக்ஸ்ரே திரையில பார்த்துக்கிட்டே ஓட்டுவாங்க. அதுக்குள்ள இன்னும் மெல்லிசா ஒரு குழாயை விட்டு வீக்கத்துக்குள்ள நுழைஞ்சு, பிளாட்டினக் கம்பிச் சுருளை ஒவ்வொண்ணா உள்ளே விடுவாங்க. தலைமுடி மாதிரி கம்பி. நூல்கண்டு சுத்துற மாதிரி உள்ளேயே சுருண்டு நிறைஞ்சிடும். ரத்தம் உள்ளே போக இடம் இருக்காது. உள்ளே இருக்கிற ரத்தம் உறைஞ்சு அந்த ஓட்டை அடைபட்டுடும். மூளைக்குப் போற நல்ல வழி திறந்தே இருக்கும். இதுக்குக் காயில் வைக்கிறதுன்னு பேர்.

அக்கா மகள் நர்சிங் படிக்கிறா. அவதான் தாத்தாகிட்ட உட்கார்ந்து பேசினா. இது நேத்து வந்த வைத்தியம் இல்லை தாத்தா, இத்தாலிக்காரர் குக்லியெல்மி என்கிற டாக்டர் அமெரிக்காவுல 1990-லேயே இந்தக் காயிலை முதல்ல வைச்சிருக்கார். அப்புறம் பல நாட்டு ஆஸ்பத்திரிகள்ல 2,143 நோயாளிகளை வைச்சு ரெண்டு வழியையும் ஒப்பிட்டு, 2002-ல வெளியிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, இறந்தவங்களும் அடுத்தவங்க துணை இல்லாம இருக்க முடியாதவங்களும் கிளிப் போட்டதுல 100க்கு ஏறக்குறைய 31 பேர், காயில் வைச்சதுல 24 பேர். இதைக் கேட்டுட்டு மாமனார் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் "போடச் சொல்லு" என்றார்.

எல்லாருக்கும் காயில்தான் சரின்னு நான் சொல்ல வரலை. வீக்கத்தோட வாய் அகலமா இருந்தா, இருக்கிற இடம் தோதுப்படலைன்னா கிளிப்தான் நல்லது என்று சொல்வாங்க. காயில் வைச்சதுல கொஞ்சம் பேருக்கு நாளாக நாளாக இடம் விட்டுப் போகலாம், அதனால டாக்டர் சொல்ற தேதிக்குத் திரும்பப் போய்ப் படம் எடுக்கணும். எங்க பக்கத்துல ஒருத்தர், இப்ப நல்லாத்தானே இருக்கேன்னு அந்தத் தேதிக்குப் போகவே இல்லை. அப்படி இருக்காதீங்க.

அக்காவுக்கு மறுநாள் மதியம் மயக்க மருந்து கொடுத்து வைச்சாங்க. மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அஞ்சு காயில். வெளியே கொண்டு வந்தப்போ தலையில ஒரு கட்டு இல்லை, ஒரு முடி எடுக்கலை. தொடையில ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். மாமனார் அந்தத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஆனா அத்தோட முடியலை. இதை யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்றதில்லை. ஓட்டையை அடைச்சாலும் ஏற்கனவே கசிஞ்ச ரத்தம் மூளையைச் சுத்தி இருக்கு. அதனால நாலாவது நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் மத்த ரத்தக் குழாய்கள் சுருங்கலாம். அப்போ கை கால் விழுந்துடும் அபாயம் இருக்கு. அதுக்காக நிமோடிபின் என்று ஒரு மாத்திரை, நாலு மணிக்கு ஒரு தடவை, 21 நாள். ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுப்பிக் கொடுக்கணும். எட்டாவது நாள் அக்கா என்னைப் பார்த்து என் பேரை மாத்திச் சொன்னாங்க, வலது கை தொய்ஞ்சுது. தூக்கக் கலக்கம்னு விட்டிருந்தா அவ்வளவுதான். கூட இருந்த நம்ம குழு உறுப்பினர் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டாங்க, உடனே சிகிச்சை கொடுத்துக் கை திரும்பிடுச்சு. எங்க குழுவில ஆறு பேர் முறை போட்டு ஆஸ்பத்திரியில இருந்தோம். வரவு செலவு நோட்டுல அது ஏறாது.

செலவைக் கேட்பீங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்துச்சு, சிகிச்சை அதுல போச்சு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிறவங்களுக்கு, வருஷம் 5 லட்சம் வரைக்கும் அந்தத் திட்டத்துல வழி இருக்கு. அட்டை எடுக்காதவங்க வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோட கலெக்டர் ஆபீஸ் போய் எடுத்து வைங்க. ஆம்புலன்ஸ்ல ஏறின பிறகு எடுக்க முடியாது. போக வர, கூட இருந்தவங்க சாப்பாட்டுக்கு 15,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். அவசரக் கூட்டம் போட்டு அரை மணி நேரத்துல தீர்மானம் எழுதினோம்.

இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லிடுறேன். ரத்தக் குழாய் வெடிக்கிற மாதிரியே அடைபடவும் செய்யும். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும். அதுக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். பெரிய குழாய் அடைச்சிருந்தா, இதே மாதிரி தொடை வழியா போய்க் கட்டியை இழுத்து எடுக்கிறாங்க. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள்ள, சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும். அதனால கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்குன்னு ஞாபகம் வைச்சுக்கோங்க, ஆஸ்பத்திரியில முதல் கேள்வியே அதுதான்.

அக்கா இப்போ வீட்ல இருக்காங்க. பழைய அக்கா அப்படியே திரும்பி வந்துட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். சீக்கிரம் அசந்து போறாங்க, அடுப்புல வைச்சதை மறந்துடுறாங்க, கூட்டத்துல கணக்குப் படிக்கிறதை விட்டுட்டாங்க. ஆனா சேமிப்புப் பணத்தை அவங்க கையாலதான் கொண்டு வந்து கட்டுறாங்க.

மாசக் கூட்டத்துல செவிலியரை வரவழைச்சு எல்லாருக்கும் ரத்தக்கொதிப்பு பார்க்கணும் என்று எங்க குழு தீர்மானம் போட்டிருக்கு. போன மாசம் பார்த்ததுல மூணு பேருக்கு அதிகமா இருந்துச்சு, மூணு பேருக்கும் அது வரைக்கும் தெரியாது. ஒரே குடும்பத்துல அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க என்று ரெண்டு பேருக்கு இந்த வீக்கம் வந்திருந்தா, மத்தவங்களும் டாக்டர்கிட்ட கேட்டு ஸ்கேன் பார்த்துக்கலாம். மத்த குழுக்களும் இந்தத் தீர்மானத்தைப் போடணும்னு நினைச்சா, எழுதின நகல் எங்க ஊக்குநர்கிட்ட இருக்கு, சாப்பாட்டு நேரத்துல வாங்கிக்கோங்க.