ஈரல் நோயும் ஸ்டெம் செல் ஊசியும்

(நெம்மேலி நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



ஈரல் சுருக்க நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி போட ஜகாத் நிதியிலிருந்து உதவலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

அல்லாஹ் கல்லீரலுக்குத் தனி ஆற்றலைக் கொடுத்திருக்கிறான். நல்ல ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும், மீதி சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். 1998-ல் நம் பக்கத்துக் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு, டெல்லி அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். குழந்தைக்குச் செய்த ஈரல் மாற்று இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்றது அப்போதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரானார்.

ஆனால் ஹெபடைட்டிஸ் கிருமி, சர்க்கரை, கொழுப்பு, மது இவற்றால் பல வருடம் புண்பட்ட ஈரலில் தழும்பு நிறைந்துவிடும். அங்கே புதுச் செல் சரியாக வளராது. அதை வளர வைக்கத்தான் உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. பிரிட்டனில் 81 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. அவரவர் ஸ்டெம் செல்லையே பிரித்து ஏற்றிப் பார்த்தும் ஈரலின் செயல்பாடு கூடவில்லை. கிரோன் என்னும் குடல் நோயால் வரும் பவுத்திரத்துக்கு ஐரோப்பா 2018-ல் அனுமதித்த ஸ்டெம் செல் மருந்தும், அடுத்த பெரிய ஆய்வில் பலன் தெரியாததால் 2024-ல் விலக்கப்பட்டது. நாளை நல்ல வழி பிறக்கலாம், இன்ஷா அல்லாஹ். இன்று அது சிகிச்சை அல்ல, ஆய்வு.

ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் இதையே சொல்கிறது. இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று ஏற்கப்பட்ட சிகிச்சை. ஈரலுக்கு ஸ்டெம் செல் என்றால், பதிவு பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். அதில் சேருபவரிடம் பணம் வாங்கக் கூடாது. எனவே யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அங்கேயே விஷயம் தெளிவாகிவிடும்.

மருந்து தேடுவது நபிவழி. ஜகாத் பணமோ அமானத். ஆகவே இத்தகைய ஊசிக்கு நம் நிதியிலிருந்து கொடுப்பதில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ சென்னை ஸ்டான்லிக்கோ போய்வரும் செலவு, பரிசோதனைச் செலவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கான அலைச்சல் இவற்றில் கூட நிற்போம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

வீட்டையோ நகையையோ அடகு வைப்பதற்கு முன் ஒரு முறை டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. வஸ்ஸலாம்.