சிறு சபையின் மேய்ப்பர்



தலைமை என்றவுடன் நாட்டை ஆள்வோரும் படையை நடத்துவோருமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய பெருந்தலைமையன்று. ஐம்பது அறுபது குடும்பங்களையோ, மிஞ்சினால் இருநூறு முந்நூறு குடும்பங்களையோ கொண்ட ஒரு கிறித்தவத் திருச்சபையை நடத்தும் போதகரின் தலைமை பற்றியே பேசப்போகிறேன். "இதில் எமக்கென்ன?" என்று உங்களில் சிலர் எண்ணலாம். சிறு கூட்டத்தை நடத்துவோர்க்கு நேரும் சோதனைகள் எங்கும் ஒன்றே. பள்ளித் தலைமையாசிரியர்க்கும், சங்கச் செயலாளர்க்கும், மாணவர் மன்றத் தலைவர்க்கும் அவை பொதுவானவை.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளை நீங்கள் அறிவீர்கள். ஏரிகளும் வயல்களுமாய் இருந்த நிலம் அது. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை ஏற்பட்டது. 1960-களில் அங்கே தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. வேலை தேடி நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். அவர்களுள் கிறித்தவர்கள் முதலில் வீட்டுக் கூடத்திலும் ஓலைக் கொட்டகையிலும் கூடி வழிபட்டனர். பின்னர்ச் சிறு ஆலயங்களைக் கட்டினர். இத்தகைய சபையை நடத்துவது எளிதன்று. ஒருவர்க்குப் பகல் ஷிப்டு, மற்றவர்க்கு இரவு ஷிப்டு. "எங்கள் ஊர்ச் சபையில் இப்படி இல்லையே" என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கத்தையே அளவுகோலாக நீட்டுவர்.

அப்பகுதியில் ஒரு சபையை நான் நெடுங்காலம் அறிவேன். அதன் போதகர் தன்னலமற்றவர். அருளுரை ஆற்றுவார், ஆர்மோனியம் வாசிப்பார், கணக்கெழுதுவார், மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைக் காண்பார், பல்பு எரியாவிட்டால் புதிது வாங்கி மாட்டுபவரும் அவரே. ஆலயத்தின் திறவுகோல் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். "ஐயர் இல்லாவிட்டால் இங்கு ஒன்றும் நடவாது" என்று சபையார் புகழ்வர். அப்புகழ்ச்சியை அவரும் மகிழ்ந்து ஏற்றார்.

ஒரு சனிக்கிழமை இரவு அவர் மயங்கி விழுந்தார். மறுநாட் காலையில் மக்கள் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. திறவுகோலோ அவரோடு மருத்துவமனையில் இருந்தது. எல்லோரும் திகைத்து நின்றபோது, ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் நின்று ஜெபிக்கத் தொடங்கினார். ஓர் இளைஞன் வேதபாகம் வாசித்தான். வழிபாடு குறைவின்றி நிறைவேறிற்று. பின்னர் அப்போதகரைக் காணச் சென்றேன். "நான் நோயில் வீழ்ந்ததற்கு வருந்தவில்லை, சார். அந்தப் பெரியவர்க்கு அத்துணை உருக்கமாக ஜெபிக்கத் தெரியும் என்பதைப் பதினோராண்டுகளாக அறியாமற் போனேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்" என்றார்.

இது புதிய பிழையன்று. மோசே காலைமுதல் மாலைவரை தனியே அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துவந்ததை அவர் மாமனார் எத்திரோ கண்டார் என யாத்திராகமம் கூறுகிறது. இவ்வாறு செய்தால் நீயும் தளர்வாய், மக்களும் தளர்வர் என்று அவர் எச்சரித்தார். ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை ஏற்படுத்தச் சொன்னார். நம் வள்ளுவப் பெருந்தகையும் தக்காரைத் தேர்ந்து வினையை ஒப்படைக்கும் திறத்திற்குத் 'தெரிந்து வினையாடல்' எனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார்.

இவ்வழியில் நடந்த ஒருவரை இங்கு நினைவுகூர்கிறேன். லெஸ்லி நியூபிகின் என்பார் 1936-இல் இங்கிலாந்திலிருந்து தமிழகம் வந்தார். தமிழ் கற்றார். காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் மாறி மாறிப் பயின்றார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, 37 வயதிலேயே மதுரை, இராமநாதபுரப் பகுதிக்குப் பேராயரானார். அங்கே சிற்றூர்ச் சபைகள் பல, போதகர்களோ சிலர். ஆகவே ஊரிலேயே உழைத்துண்ணும் எளிய மக்களைச் சபைப் பணிக்குப் பழக்குவதில் கருத்தூன்றினார். 1965 முதல் 1974 வரை அவர் சென்னைப் பேராயர். நகரப் போதகர்களைக் கூட்டி அவர் ஆற்றிய உரைகள் 'நல்ல மேய்ப்பன்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாயின.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் பிற்பகுதியே. ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பிய அவர், பர்மிங்காம் நகரில் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சின்னஞ்சிறு சபை மூடப்படவிருந்ததைக் கண்டார். பேராயராய் இருந்தவர், எழுபது வயதில், அச்சிறு கூட்டத்தின் போதகர் பொறுப்பை ஊதியமின்றி ஏற்று, வீடு வீடாகச் சென்று மக்களைக் கண்டு, பல்லாண்டுகள் தொண்டாற்றினார். சபை சிறிதாயிருப்பது தலைவனுக்குக் குறைவன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

நலமான தலைமைக்கு நான் கண்ட இலக்கணங்கள் சிலவே. முதலாவது, பணியைப் பகிர்தல். பகிரும்போது தவறுகள் நேரும். இளைஞன் வேதபாகத்தைத் தடுமாறி வாசிப்பான். அத்தடுமாற்றத்தைப் பொறுப்பதே பயிற்சி. இரண்டாவது, கணக்கைத் திறந்து வைத்தல். காணிக்கையைத் தனியே எண்ணும் கை தூயதாயினும் ஐயத்திற்கு இடமாகும். இருவர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிட்டால் போதகரின் மானமும் காக்கப்படும். மூன்றாவது, மாறுபட்டுப் பேசுவோரைப் பகைவராக எண்ணாமை. சிறு சபையில் ஒரு குடும்பம் மனம் நொந்து விலகினால் ஓர் இருக்கையே வெறுமையாகும். நான்காவது, ஓய்வு. வாரத்தில் ஒரு நாளையேனும் தம் இல்லத்தார்க்கு ஒதுக்காத போதகர், பிறர் இல்லத்தார்க்கு அறிவுரை கூறுவது எங்ஙனம்?

இவற்றையெல்லாம் நான் கரையில் நின்று கூறவில்லை. தலைமையாசிரியனாய் இருந்தபோது கால அட்டவணைமுதல் ஆய்வகச் சாவிவரை யாவற்றையும் என் கையிலேயே வைத்திருந்தேன். ஓய்வுபெற்றபின் இரண்டு மாதங்கள் ஒவ்வொன்றையும் கேட்டறிய ஆசிரியர்கள் என் வீடு தேடி வந்தனர். அன்று அதைப் பெருமையாகக் கருதினேன். இன்று எண்ணி நாணுகிறேன். எனக்குப்பின் வருபவர்க்கு வழிகாட்டி வைக்காமற் போனேன் என்பதே அதன் பொருள்.

மாணவர்களே, நாளை உங்களுக்கும் ஒரு சிறு கூட்டத்தின் பொறுப்பு வரும். அன்று, நீங்கள் இல்லாத நாளில் அங்கு என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நின்ற அம்முதியவரைப் போன்ற ஒருவர் உங்கள் நடுவிலும் இருப்பார். பூட்டிய கதவின் முன் அவரை முதன்முறையாகக் கண்டுகொள்ள நேராதபடி, இப்பொழுதே அவரைத் தேடி அறிந்துகொள்ளுங்கள். திறவுகோல் ஒன்றை அவர் கையிலும் கொடுத்து வையுங்கள்.