கடைசிப் பொத்தான் குழந்தைக்கே
(பெற்றோர், ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா ஆண்டில் ஆலயத்தைப் புதுப்பித்தோம். கெபியைக் கட்டி முடித்தோம். மகிழ்ச்சியே. ஆயினும் ஆலயத்துக்கு அழைத்து வரப்படாத குழந்தைகள் சிலர் நம் வீடுகளில் உண்டு. "கூட்டத்தில் கத்துவான், சாமி", "உடுப்பை நனைத்துவிடுவாள், சாமி" என்று தாய்மார் கண்கலங்கச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த மாற்றுத்திறன் குழந்தைகளைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

இப்பெற்றோரின் உள்ளத்தை அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?" நிலமும் நகையும் சேர்த்து வைப்பதால் மட்டும் இதற்கு விடை கிடைத்துவிடாது. தானே உண்ணவும், உடுக்கவும், கழிவறை செல்லவும், தனக்கு வேண்டியதைத் தெரிவிக்கவும் குழந்தை எவ்வளவு கற்கிறதோ, அவ்வளவுக்கு அந்தப் பாரம் குறையும். அதைத் தொடங்க வேண்டிய காலம் தொடக்கப்பள்ளிப் பருவம்.

ஹெலன் கெல்லரை நாம் எல்லாரும் அறிவோம். 1880-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்து, 19 மாதக் குழந்தையாக இருக்கையில் நோயால் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தவர். தண்ணீர்க் குழாயடியில் அவர் முதற்சொல்லை உணர்ந்துகொண்ட கதை பலருக்குத் தெரியும். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது பலருக்குத் தெரியாது. 1887 மார்ச்சில் ஆன் சல்லிவன் என்ற 20 வயது ஆசிரியை அவ்வீட்டுக்கு வந்தபோது, சிறுமி ஹெலன் எல்லாருடைய தட்டிலும் கைவிட்டு எடுத்து உண்பது வழக்கம். பாவம், குழந்தை என்று வீட்டார் விட்டுவிட்டனர். ஆசிரியை விடவில்லை. கரண்டியால் உண்ணவும், கை துடைக்கும் துணியை மடித்து வைக்கவும் பழக்கினார். முதற்சொல்லை உணரும் முன்னே கரண்டி வந்தது! அந்தச் சிறுமி 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

அன்று அந்த ஆசிரியை காட்டிய கடுமை இன்று நமக்குத் தேவையில்லை. மென்மையான, தேர்ந்த வழிகள் இன்று உண்டு.

முதலாவது, வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தல். "கை கழுவு" என்பது நமக்கு ஒரு வேலை. குழந்தைக்கோ குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்பு எடுப்பது, தேய்ப்பது, அலசுவது, மூடுவது, துடைப்பது என ஏழு வேலைகள். இவற்றைப் படங்களாக வரைந்து குழாயருகே ஒட்டுங்கள். சொல்லைவிடப் படத்தை எளிதில் பற்றிக்கொள்ளும் குழந்தைகள் பலர், குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்கள்.

இரண்டாவது, கடைசிப் படியிலிருந்து கற்பித்தல். சட்டை அணிவிக்கையில் கடைசிப் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்து, மீதியைக் குழந்தை இழுக்கட்டும். முடித்தது நானே என்ற மகிழ்ச்சி அதற்குக் கிடைக்கும். அது கைவந்தபின் கடைசி இரண்டு பொத்தான்கள், பின்பு மூன்று. விரல் ஒத்துழைக்காத குழந்தைக்குப் பெரிய பொத்தானோ, ஒட்டும் பட்டையோ வைத்துத் தைத்துக் கொடுங்கள். அதில் குறைவேதும் இல்லை.

மூன்றாவது, உண்மையான பொருளைக் கொண்டு, உண்மையான இடத்தில் கற்பித்தல். காகிதத்தில் வரைந்த காசு கடையில் செல்லாது. ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் கொடுத்து, பென்சில் வாங்கி வரச் சொல்லுங்கள். பார்வையற்ற பிள்ளைக்குப் புதிய 100 ரூபாய்த் தாளில் தடவி அறிய முக்கோணமும், 500 ரூபாய்த் தாளில் வட்டமும் உண்டு. தாள் புதிதாக இருக்கையில் அவற்றை விரலுக்குப் பழக்குங்கள்.

நான்காவது, "வேண்டாம்", "வலிக்கிறது", "உதவி வேண்டும்" என்பவற்றைத் தெரிவிக்கக் கற்பித்தல். பேச்சு வராவிட்டால் சைகையாலோ, படத்தைக் காட்டியோ தெரிவிக்கட்டும். தன் உடலைப் பிறர் தகாத முறையில் தொடக்கூடாது என்று அறியாத குழந்தை பெரும் ஆபத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க வெட்கப்படலாகாது.

இவை அனைத்துக்கும் வேண்டியது நேரம். காலை அவசரத்தில் தாயே உடுத்திவிட்டால் இரண்டு நிமிடம். குழந்தை தானே உடுத்தினால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமே பாடவேளை. அரை மணி முன்னதாக எழுவோம். அண்ணன், அக்காள், பாட்டி எல்லாரும் ஒரே முறையைக் கையாளட்டும். அதற்காக, எல்லாம் தானே செய்யும் குழந்தைதான் மதிப்புக்குரியது என்று எண்ணிவிடாதீர்கள். வாழ்நாளெல்லாம் துணை தேவைப்படுவோரும் உண்டு. எந்தச் சட்டை வேண்டும் என்று கண்ணசைவால் தெரிவிப்பதும் ஒரு திறனே.

சட்டமும் துணை நிற்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே கூறியது; 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களை அணுகுங்கள்.

இனி நம் கடமை. "யார் செய்த பாவமோ" என்று முணுமுணுப்போர் இன்னும் உள்ளனர். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் குறித்துச் சீடர்கள் இதையே கேட்டபோது, ஆண்டவர் அந்த எண்ணத்தையே மறுத்துவிட்டார். அதன்பின்பும் நாம் இப்படிப் பேசலாமா? திருப்பலியில் ஒரு குழந்தை குரலெழுப்பினால் திரும்பி முறைக்காதிருப்போம். மறைக்கல்வி வகுப்பில் அதற்கு ஓர் இருக்கையும், செய்வதற்கு ஒரு சிறு வேலையும் தருவோம். பங்கு விருந்தில் அது தன் கையால் உண்ண நேரமானால், இலையை எடுக்காமல் காத்திருப்போம். ஆலயத்துக்கு வரவும், நம்மோடு அமரவும் பழகுவது அக்குழந்தைக்கு ஒரு பாடம். காத்திருக்கப் பழகுவது நமக்குப் பாடம்.

பெற்றோர்களே, அடுத்த ஞாயிறு உங்கள் பிள்ளையை வீட்டில் விட்டு வராதீர்கள். அழைத்து வாருங்கள்.