சிறிய பாடசாலையின் பெறுபேறு



சிறிய பாடசாலையொன்றிற் பத்து மாணாக்கர் பரீட்சைக்குத் தோற்றி, எண்மர் சித்தியடைகின்றனர் என்று கொள்வோம். நூற்றுக்கு 80. மறு ஆண்டில் ஒரு பிள்ளை கூடுதலாகத் தவறினால் அது 70 ஆகிவிடும். ஆசிரியரும் அவரே, கற்பித்தலும் அதுவே. ஆயினும், பாடசாலை தாழ்ந்துவிட்டது என்று ஊர் பேசும்.

சில நூறு பிள்ளைகளையே கொண்ட கல்வி வட்டாரங்கள் ஐக்கிய அமெரிக்காவிற் பல உள. அங்கு 2002ஆம் ஆண்டிற் கையொப்பமிடப்பட்ட சட்டமொன்று, பெறுபேறுகளை இனம், வறுமை, ஆங்கிலத் தேர்ச்சி முதலியவற்றின்படி வகுத்து வெளியிடுமாறு பணித்தது. மொத்தக் கணக்கில் மறைந்திருந்த ஏற்றத்தாழ்வுகள் இதனால் வெளிப்பட்டன. ஆனால், நாலைந்து பேரே உள்ள பிரிவின் கணக்கு தனிப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால், குறித்த தொகைக்குக் குறைந்த பிரிவுகளின் விபரம் வெளியிடப்படுவதில்லை. 2015ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இம்முறை நீடித்தது.

பிள்ளையின் மானம் காக்கப்படுகிறது. அவனுடைய குறையோ கணக்கில் ஏறாமற் போகிறது. ஏறாத குறைக்கு உதவி கேட்பவர் யார்?

எனவே, சிறிய பாடசாலையை ஓராண்டுப் பெறுபேற்றால் எடைபோடலாகாது. பல ஆண்டுகளைச் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் சென்ற ஆண்டிலும் எவ்வளவு முன்னேறியுள்ளது என்று ஆராய்தல் வேண்டும். பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியருக்கு இது அரிய காரியமன்று.